சுவர்ப் பக்கத்து மீன்

கொட்டாஞ்சேனையில் ஷபீகா ராத்தாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். சாமான் இல்லாமல் அல்ல. மீன், லவ் பேர்ட்ஸ், முயல், ஹம்ஸ்டர் என்று கடை நிறைய உயிர் இருக்கிறது. அவர் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

கடைக்கு நேரெதிரே த்ரீவீல் நிறுத்துகிறவன் நான். பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன். ராத்தா என்றால் அக்கா. வயதில் என்னைவிட இளையவர்தான், ஆனால் தெருவே அப்படிக் கூப்பிடுகிறது, நானும் கூப்பிடுகிறேன். ஆரம்பத்தில் இந்த மனுசிக்கு வியாபாரம் பிடிபடவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒருமுறை பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு கனவான் பெரிய காரில் வந்தார். மகளுடைய படுக்கையறையில் வைக்க முயல் வேண்டுமாம். அறைக்கு ஏசி கூட இருக்கிறதாம்.

"ஆர் கழுவுற?" என்று ராத்தா கேட்டார்.

"வீட்டில வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறா."

"ஆர் தீன் வைக்கிற?"

"அதுவும் அவதான்."

"அப்ப முயல் அந்த மனுசிக்குத்தானே? அவவக் கூட்டிட்டு வாங்கோ, புடிச்சீக்கான்னு கேப்பம்."

கனவான் கார்க் கதவை அடித்த அடியில் கூட்டுக்குள் இருந்த குருவியெல்லாம் எழும்பிப் பறந்தது. வந்த வியாபாரத்தைத் துரத்திவிட்டீர்களே என்றேன். "முயல் இங்கனதானே ஈக்கி, நீங்க என்னத்துக்கு மூஞ்ச நீட்டுற?" என்றார். ஈக்கி என்றால் இருக்கிறது, ராத்தாவின் பேச்சு அப்படி.

கடையைத் தொடங்கியது அவருடைய கணவர் ஹமீட் நானா. மூன்று கண்ணாடித் தொட்டியோடு தொடங்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். கணவன் இறந்தால் அவர்களுடைய முறைப்படி பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. இத்தாவில் இருப்பது என்பார்கள். கடையை விற்றுவிடு, உடுப்புக்கடை போடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ராத்தா கேட்கவில்லை. மைத்துனர் பஸீர் கடையைத் திறப்பார். நான் வீடியோ கோலில் போனைத் தொட்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்குள் இருந்து ராத்தாவின் குரல் வரும். "இடப் பக்கம் மூணாவது தொட்டி. அந்தக் கருப்பு மீன் சாய்ஞ்சு நீந்துது. பிரிச்சு வைங்கோ." பக்கத்தில் நிற்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சாய்வு தெரியாது. ஒரே அறைக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளால் அவருக்குத் தெரியும்.

இத்தா முடிந்து கடைக்கு வந்த பிறகுதான் அந்தப் புதிய சட்டம் வந்தது. படுக்கிற அறையில் வைக்க என்று யாராவது உயிர் வாங்க வந்தால், முதலில் அறையை அவர் பார்க்க வேண்டும். நான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "கூடம் வேற, படுக்கிற அறை வேற, அழகர் அண்ணே. கூடத்தில மனுசன் வந்து போவான். அறைக்குள்ள அதுவும் நீங்களும் மட்டும்தான். நாலு மாசம் பத்து நாள் இருந்து பாத்தாத்தான் வெளங்கும்." எனக்கு அப்போது விளங்கவில்லை. மீன் விற்க வீடு பார்க்கப் போகிற கூத்தை உலகத்தில் எங்கே கண்டோம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

போன நவம்பரில் நிஷாந்தினி என்கிற பிள்ளை கடைக்கு வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, பாமன்கடையில் கல்யாணம் கட்டிப் போனவள். வந்ததும் எதையும் பார்க்கவில்லை.

"சாகாத ஒண்டு தாங்கோ அக்கா" என்றாள்.

ராத்தா முயலுக்குக் கங்குன் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "சாகாதது அல்லாஹ் படைக்கல்ல மகள். கெதியில சாகாதது ஈக்கி. ஆருக்கு?"

"அவருக்கு."

அவளுடைய கணவன் கிருஷ்ணராஜ் பெயின்ட் அடிக்கிறவன். வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியில் சாரம் சறுக்கி விழுந்து ஐந்து மாதம். கால் இரண்டும் வேலை செய்யவில்லை. கை நல்லது. ஒழுங்காகப் பயிற்சி செய்தால் எழும்பி உட்காரலாம், பிறகு நடையையும் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் செய்தும் இருக்கிறான். தனியாகக் கிடக்கிறானே என்று இவள் நடைபாதையில் ஒரு லவ் பேர்ட் வாங்கிக்கொண்டுபோய் ஜன்னலில் கட்டினாள். அவன் அதற்கு 'பாஸ்' என்று பேர் வைத்தான். மேசன் பாஸ் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு மற்றவன் வேலையைப் பார்த்துக் குற்றம் சொல்லுதாம்.

"நாலு கிழமை நல்லாத்தான் இருந்தது. ஒரு நாள் வேலையால வந்து பாக்கிறன், கூட்டுக்குள்ள செத்துக் கிடக்குது. சொப்பிங் பேக்கில போட்டுக் குப்பை லொறிக்குக் குடுத்தம். அண்டைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினவர்தான் அக்கா. கதைக்கிறாரில்ல. பயிற்சியும் இல்ல. இப்பிடியே கிடந்தா கையும் இறுகிப் போயிடும் எண்டு டொக்டர் ஏசுறார்."

"என்ன நாள் செத்த?"

"வெள்ளிக்கிழமை."

"மழையா?"

"ஓம், நல்ல மழை. ஏன் அக்கா?"

"ச்சும்மா." ராத்தா கத்தியைக் கழுவி வைத்தார். "அழகர் அண்ணே, வண்டிய எடுங்கோ."

பொரளை தாண்டி ஹெவ்லொக் ரோட்டால் போய் பாமன்கடைச் சந்திக்குள் திரும்பினோம். ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக் கட்டிய அனெக்ஸ். ஒரு சின்னக் கூடம், ஒரு அறை, ஒரு குசினி. கிருஷ்ணராஜின் தாய் இராமலெட்சுமி வாசலுக்கே வந்துவிட்டார். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் கொழும்புக்கு வந்த குடும்பம். "வாங்கம்மா, வாங்கய்யா, உள்ள வாங்க. மீன் கடைக்காரம்மாவா? கருவாடு விக்கிறவங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

அறைக்குள் கிருஷ்ணராஜ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தான். கட்டில் சுவரோடு ஒட்டி இருந்தது. பக்கத்தில் நிஷாந்தினி படுக்கிற கேம்ப் கட்டில். ராத்தா அவனை விட்டுவிட்டு அறையைத்தான் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், சீலிங் ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னையும் கேம்ப் கட்டிலையும் பார்த்தார்.

"அதுல படுங்கோ."

"நானா?"

"நான் படுக்கேலுமா? படுங்கோ. அவரு பாக்குற உசரத்தில என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லோணும்."

ஐம்பது வயதில், அறியாத வீட்டில், கேம்ப் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

"என்ன தெரியுது?"

"ஃபேன்."

"வேற?"

"சீலிங். வெள்ளையா இருக்கு."

"அது வெள்ளை இல்ல."

சுவர்ப் பக்கமிருந்து வந்த குரல். துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது. நிஷாந்தினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓஃப் வைட்" என்றான் கிருஷ்ணராஜ், திரும்பாமலே. "ரெண்டாவது கோட்டுக்குத் தண்ணிய கூடக் கலந்துட்டான் அந்தக் களவாணி. ஜன்னல் மூலையப் பாருங்க. திட்டுத் திட்டா நிக்கும்."

பார்த்தேன். நின்றது. "அங்க கருப்பாவும் இருக்கே?" என்று கேட்டேன்.

அவன் போர்வையைத் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

ராத்தாவும் அந்தக் கருப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அங்கே தூபக்கால் இருந்தது. ஒரு பையில் சிரட்டைக்கரி. நானும் சாமி கும்பிடுகிற வீட்டுக்காரன்தான். வெள்ளிக்கிழமை, மழைக்குச் சாத்திய ஜன்னல், சாம்பிராணிப் புகை, உள்ளங்கையளவு குருவி. எனக்கும் பொறி தட்டியது.

"ராத்தா, அந்தப் பாஸ்..."

"நீங்க படுத்திருங்கோ" என்றார். பார்த்த பார்வையில் வாயை மூடினேன்.

இராமலெட்சுமியம்மா தேத்தண்ணியோடு வந்தார். ராத்தாவின் கண் போன இடத்தை அவரும் பார்த்தார். "வெள்ளிக்கிழம தவறாம இந்த ரூமுக்குத்தாம்மா மொதப் புகை. எம் புள்ள சாரத்துல ஏறுனா அணில் மாதிரி ஏறுவான். எவன் கண்ணு பட்டுச்சோ. நல்லா மூட்டமாப் போடுவேன், மூலையெல்லாம் போகட்டும்னு." சீனி போதுமா என்று கேட்டுவிட்டு, தானே போதாது என்று முடிவுகட்டி, மறுபடி குசினிக்குப் போனார்.

அவர் போனதும் கிருஷ்ணராஜ் கழுத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினான். தாடிக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றான், மெதுவாக. "வாயத் தொறந்து தொறந்து மூடிச்சு. நான் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். என்னன்னு வெளங்குறதுக்குள்ள விழுந்திருச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. வாயத் தொறந்தா அதுதான் வந்துருமோன்னு பயந்துதான் நான் பேசுறதே இல்ல."

"நான் எங்க சொன்னன்?" என்றார் ராத்தா.

"இனி எனக்கு ஒண்ணும் வேணாம். செத்தா எழும்பிப் போயி ஒரு குழி தோண்டக்கூட என்னால முடியாது."

"நீங்க கேக்கவும் இல்ல, நான் தரவும் இல்ல. மூணு பேரக் கொண்டாந்து காட்டுறன். புடிக்காட்டி அனுப்பிடுங்கோ."

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம். "ஒரு வார்த்தை ராத்தா. அம்மா, புகை போடாதீங்க. முடிஞ்சுது. குருவியே வாங்கிக் குடுக்கலாம்."

"ஏன்னு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்ற?" பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "அது மகனுக்கு அவங்க கேக்கிற துஆ, அவங்கட வேண்டுதல். அத நிப்பாட்டச் சொல்ல நான் ஆரு? புகை ஈக்கத்தான் போகுது. அதுக்குள்ள ஈக்கக்கூடியத நான்தான் தேடோணும்." பொரளை வரும்வரை தனக்குத்தானே எண்ணிக்கொண்டு வந்தார். குருவி கூடாது. ஹம்ஸ்டருக்கும் அந்தப் புகை ஆகாது, இருந்தாலும் இரண்டு வருஷம்தான். முயல் நாறும், கிழவியம்மாவுக்கு வேலை கூடும். "மீன்" என்றார். "ஃபைட்டர். ஒத்தை மீன். ஒரு போத்தல் போதும்."

செவ்வாய்க்கிழமை மூன்று போத்தலோடு போனோம். ஃபைட்டர் மீன் இன்னொரு ஃபைட்டரைக் கண்டால் போத்தலுக்குள் இருந்தே சண்டைக்கு நிற்கும். அதனால் நடுவில் மட்டை வைத்து மறைத்திருந்தார். தண்ணீரில் காய்ந்த கொட்டம்பா இலை, அதாவது நாட்டு வாதுமை இலை, கிடந்தது. அந்த இலைச் சாயம் இந்த மீனுக்கு மருந்து. இராமலெட்சுமியம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நாங்க தேயிலையில பொறந்தோம், சரி. இதையும் தேத்தண்ணியிலயா வளக்குறீங்க?" என்றார்.

ராத்தா செய்த முதல் வேலை, கட்டிலை இழுக்கச் சொன்னது. கிருஷ்ணராஜ் அதில் கிடக்க, நானும் நிஷாந்தினியும் சுவரிலிருந்து ஒன்றரை அடி இழுத்தோம். என் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு ஸ்டூலைப் போடச் சொன்னார். ஐந்து வாரமாக வீட்டில் எல்லாரும் அவன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். "அவரு அங்கதானே பாக்குறாரு" என்றார் ராத்தா. "பாக்குற இடத்தில வைப்பம்."

சிவப்பு மீனைக் காட்டினார். "பெயின்ட் கடை போர்ட் மாதிரி" என்றான். வெள்ளையைக் காட்டினார். வெள்ளை பார்த்து அலுத்துவிட்டதாம். மூன்றாவது நீலம், வால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு கலங்கியிருந்தது. அதை நிறைய நேரம் பார்த்தான்.

"பிரஷ்ஷைக் கழுவாம அடிச்சிருக்கான்" என்றான்.

"அப்ப இதையும் கொண்டு போகவா?"

"இருக்கட்டும்."

ஒரு நாளைக்குக் காலையில் கடுகளவு தீன் உருண்டை மூன்று, பின்னேரம் மூன்று. அவன் கையால் மட்டும். வேறு யாரும் பிஸ்கட் தூள் போட்டால் மீன் வயிறு வீங்கிச் சாகும் என்று மற்ற இரண்டு பேரையும் மிரட்டினார். பிறகு போத்தலை அவன் வலது கைக்கு இரண்டு இஞ்ச் அப்பால் நகர்த்தி வைத்தார்.

"எட்டாது ராத்தா" என்றேன்.

"எட்டும்."

கடைசியாகத்தான் அதைச் சொன்னார். தாய் குசினியில் இருந்தார். "இதுக்குக் கண்ணிமை இல்ல தம்பி. மூடேலா. தண்ணிக்கு மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி. புகை நேரத்தில மூடி போட்டு வெளிய கொண்டு போயிடோணும்."

"அம்மாகிட்ட நீங்க சொல்லிட்டுப் போங்க."

"மீன் உங்கட. நீங்க சொல்லுங்கோ."

அவன் முகம் மறுபடி இறுகிவிட்டது. வெளியே வந்ததும் நான் கத்தினேன். அவன் பேச மாட்டான், வெள்ளிக்கிழமை இதுவும் சாகும், அதோடு அவன் கதையும் முடியும் என்றேன். ராத்தா த்ரீவீலுக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"நான் சொன்னா மீன் பொழைக்கும். அவரு சொன்னாத்தான் அவரும் பொழைப்பாரு. வண்டிய எடுங்கோ."

தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கடையில் ஒரே தொட்டியை மூன்று தரம் கழுவினார். நாலு மணிக்கு வானம் இருட்டியது. அஞ்சு மணிக்குக் கொட்டம்பா இலை நிறைந்த ஒரு பையை என் மடியில் போட்டார். "பாமன்கடைக்குக் கொண்டு போங்கோ. வாயத் தொறக்க வேணாம்."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வந்தா என் மூஞ்சயப் பாப்பாரு. போங்கோ."

நான் போய்ச் சேரும்போது மழை கொட்டியது. அறை ஜன்னல் சாத்தியிருந்தது. கூடத்தில் சாமி விளக்கு எரிந்தது. இராமலெட்சுமியம்மா கரியை ஊதி, சாம்பிராணியை அள்ளிப் போட்டுவிட்டார். "இருங்கய்யா, புகை காட்டிட்டு வந்துடுறேன்" என்று அறைக்குள் போனார். நான் வாசல் நிலையில் நின்றேன்.

மகனைச் சுற்றி மூன்று தரம் காட்டினார். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு அந்த அம்மா செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கி நுழைந்து, தூபக்காலை நேரே போத்தலுக்குக் கொண்டுபோனார். "நீயும் வாங்கிக்க சாமி. வர்றவன் போறவன் எல்லாம் உன்னையத்தான் பாக்குறான். உனக்கும் கண்ணு பட்டுறக்கூடாது."

முதல் சுற்று. என் கைக்குள் இலையெல்லாம் நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. வாயைத் திறக்க வேண்டாம் என்று ராத்தா சொல்லி அனுப்பியிருந்தார். மீன் மேலே வந்தது. புகை போத்தல் வாயில் நின்றது.

"அம்மா."

தாய் நிமிர்ந்தார். மகன் அவரை அம்மா என்று கூப்பிட்டு எத்தனை நாள்.

"மீனுக்குக் கண்ணு மூட முடியாதும்மா. எரியும்."

"ஐயய்யோ!" தூபக்காலை அப்படியே பின்னுக்கு இழுத்தார். "இது தெரியாமப் போச்சே எனக்கு. பேசாமக் கெடக்குறியே, சொல்ல வேணாமா?" அவசரமாக வந்து தூபக்காலை என் கையில் திணித்தார். நான் அதை மழைக்குள் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் போத்தல் வாயை ஒரு பீரிஸ் தட்டால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறையை விட்டு வந்துகொண்டிருந்தார்.

"மெதுவா" என்று உள்ளேயிருந்து அதட்டல். "தண்ணி ஆடுது."

கூடத்தின் நடுவில் அந்த அம்மா நின்றுவிட்டார். மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராசு" என்றார், திரும்பாமலே. "அப்ப அந்தக் குருவிக்கு?"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. மழை தகரத்தில் அடித்தது.

"குருவிக்குக் கண்ணு மூடும்மா" என்றான் கிருஷ்ணராஜ்.

அம்மா தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மழையோ வெயிலோ ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் புகை காட்டுகிறார்கள் என்று மட்டும் தெரியும். மூட்டமும் குறைவு.

போத்தல் குசினி ஜன்னலில் அரை மணி நேரம் இருந்தது. புகை அடங்கியதும் நிஷாந்தினி வேலையால் வந்து அதை ஸ்டூலில் வைத்தாள். அவன் கையை நீட்டினான். விரல் போத்தலைத் தொடவில்லை. தோளைத் தூக்கினான், முழங்கையை ஊன்றினான், பல்லைக் கடித்தான். தொட்டான். ஒவ்வொன்றாக மூன்று தீன் உருண்டை போட்டான். நீல மீன் மேலே வந்து ஒவ்வொன்றாக எடுத்தது. கார்த்திகையில் தொடங்கிய அந்த இரண்டு இஞ்ச், தைப்பொங்கலுக்கு அவனைத் தலையணையில் சாய்ந்து உட்கார வைத்தது. அதையெல்லாம் பயிற்சி கொடுக்க வருகிற மிஸ் தன்னுடைய கெட்டித்தனம் என்று சொல்லிக்கொள்கிறாவாம். ராத்தா அதற்குச் சிரித்ததோடு விட்டுவிட்டார். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டதும் படியில் நின்று போன் எடுத்தேன். ஒருதரம் அடித்து முடிய முன்னமே ராத்தா எடுத்துவிட்டார்.

"உசிரோட ஈக்கா?"

"ரெண்டு பேரும் இருக்காங்க ராத்தா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் மீனத்தான் கேட்டன்" என்றார். "இலையக் குடுத்தீங்களா?"

பையைப் பார்த்தேன். தூளாக இருந்தது. "நாளைக்கு வேற இலை கொண்டு வரணும்" என்றேன்.